எஃப்.ஓ.பி.க்குப் பின்னால் எந்த இடம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏற்றுமதி, இறக்குமதி ஒப்பந்தத்தில் விலைக்குப் பக்கத்தில் எழுதும் எஃப்.ஓ.பி., எஃப்.சி.ஏ. போன்ற மூன்றெழுத்தைப் பற்றியவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று பழைய வடஆற்காடு முழுவதிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை இந்த மூன்றெழுத்து விதிகளை 1936-ல் முதலில் வெளியிட்டது. இன்கோடெர்ம்ஸ் என்பது அவற்றின் பெயர். இப்போதுள்ள பதிப்பு 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. மொத்தம் 11 விதிகள். சரக்கை எங்கே ஒப்படைப்பது, சேதமானால் எந்த இடம் வரை யார் பொறுப்பு, எந்தச் செலவு யாருடையது என்ற மூன்றைத்தான் இவை சொல்லும். கடிதங்களைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மூன்றெழுத்தை எல்லோரும் கவனமாகத்தான் எழுதுகிறீர்கள். அதற்குப் பின்னால் வரும் இடப்பெயரைத்தான் போகிற போக்கில் எழுதிவிடுகிறீர்கள்.

கேள்வி: பல வருடங்களாக ‘எஃப்.ஓ.பி. சென்னை’ என்றுதான் ஷூ அனுப்புகிறோம். ஜெர்மன் பையர் இந்த சீசனில் எஃப்.சி.ஏ.வுக்கு மாறச் சொல்கிறார். ஒத்துக்கொண்டால் நமக்கு நஷ்டமா? (ஷூ தொழிற்சாலை, ஆம்பூர்)

நஷ்டமில்லை. ஒப்பந்தத்தில் குறித்த இடத்தில் பையர் ஏற்பாடு செய்த போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறுவதுதான் எஃப்.சி.ஏ. கன்டெய்னரில் அனுப்புகிறவர் நீங்களே கேட்டு வாங்கியிருக்க வேண்டிய மாற்றம் இது.

எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலின் மேல் ஏறும் வரை பொறுப்பு உங்களுடையது. 2010 பதிப்புக்கு முன்பு கப்பலின் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் போதும் என்று இருந்தது. இப்போது கப்பலின் மேல் வைத்தாக வேண்டும். மூட்டையைத் தொழிலாளி கப்பலில் தூக்கி வைத்த காலத்துக்கு இது பொருந்தியது. உங்கள் கன்டெய்னரோ ஆம்பூரில் சீல் ஆகி, சுமார் 180 கிலோமீட்டர் லாரியில் போய், டெர்மினல் கேட்டுக்குள் நுழைந்தவுடன் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. யார்டில் எங்கே வைத்தார்கள், எந்தக் கிரேன் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. கப்பல் தாமதமானால் நான்கைந்து நாள்கூட அங்கேயே நிற்கும். அந்த நாட்கள் முழுவதும் ரிஸ்க் உங்கள் தலையில்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களை நினைத்துப் பாருங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையையே தாக்கியது; 2023 டிசம்பரில் மிக்ஜாம். அப்படி ஒரு நாளில் யார்டில் நிற்கும் கன்டெய்னருக்குள் தண்ணீர் போனால், எஃப்.ஓ.பி.யில் அது உங்கள் சரக்கு நஷ்டம். பையர் பணம் தர வேண்டியதில்லை. எஃப்.சி.ஏ.யில், நீங்கள் சொன்ன இடத்தில் ஒப்படைத்துவிட்டால் அது அவருடைய நஷ்டம்.

எந்த இடத்தை எழுதுவது என்பதில்தான் யோசனை வேண்டும். ‘எஃப்.சி.ஏ. ஆம்பூர்’ என்று தொழிற்சாலை முகவரியை எழுதினால், பையர் அனுப்பும் வண்டியில் நீங்கள் ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் பொறுப்பு மாறும். சென்னை வரை லாரி வாடகையும் அவருடையது. ‘எஃப்.சி.ஏ. சென்னை’ என்று எழுதி, சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) அல்லது டெர்மினலின் பெயரையும் போட்டால், உங்கள் லாரியில் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வண்டியிலிருந்து இறக்குவது அவர் வேலை. இரண்டிலும் ஏற்றுமதி கஸ்டம்ஸ் உங்கள் பொறுப்பே. வெறுமனே ‘எஃப்.சி.ஏ. சென்னை’ என்று விட்டால், சென்னையில் எங்கே என்று பின்னால் சண்டை வரும். எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பையரின் ஃபார்வர்டர் (சரக்குப் போக்குவரத்து ஏஜென்ட்) கடைசி நேரத்தில் அங்கே கொண்டுபோகச் சொன்னால் கூடுதல் வாடகை யாருடையது என்பதையும் அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

எல்.சி.யில் (பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) வியாபாரம் செய்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கி ‘கப்பலில் ஏற்றியாயிற்று’ என்ற குறிப்புள்ள பி.எல். (ஷிப்பிங் லைன் தரும் சரக்கு ஆவணம்) கேட்கும். எஃப்.சி.ஏ.யில் நீங்கள் ஒப்படைப்பது கப்பலேறும் முன்பே என்பதால் ஷிப்பிங் லைன் அந்தக் குறிப்பைத் தர மறுக்கலாம். இதற்காகவே 2020 பதிப்பில் ஒரு வசதி சேர்த்தார்கள்: ஏற்றியபின் அப்படிப்பட்ட பி.எல்.லை விற்பவருக்குத் தரும்படி பையர் தன் செலவில் லைனுக்கு உத்தரவிட வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொள்ளலாம். தானாக வராது, ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாமல் எஃப்.சி.ஏ.வுக்கு மாறினால் முதல் டாக்குமென்டே வங்கியில் நின்றுவிடும்.

ஃபார்வர்டரை நியமிப்பவர் எஃப்.ஓ.பி., எஃப்.சி.ஏ. இரண்டிலும் பையர்தான். சென்னையில் டி.எச்.சி. (டெர்மினலில் சரக்கைக் கையாளும் கட்டணம்), டாக்குமென்ட் கட்டணம், சீல் கட்டணம் என்று உங்களிடம் வசூலிப்பவரும் அதே ஃபார்வர்டர்தான். அவரிடம் நீங்கள் பேரம் பேச முடியாது. ஆர்டரை உறுதி செய்யும் முன்பே உள்ளூர்க் கட்டணப் பட்டியலை எழுத்தில் வாங்கி, அதை விலையில் சேருங்கள். பி.எல்.லுக்குப் பதில் ‘ஃபார்வர்டர் ரசீது’ தருவதாகச் சொன்னால், அந்தக் காகிதம் சரக்கின் மேல் உரிமை தரும் ஆவணமில்லை என்பதை மறக்காதீர்கள். முன்பணம் முழுதும் வராத பையரிடம் அதை ஏற்பது, சாவியைக் கொடுத்துவிட்டு வாடகைக்குக் காத்திருப்பதைப் போன்றது.

கேள்வி: இத்தாலியக்காரர் ‘எக்ஸ்-வொர்க்ஸ் வாணியம்பாடி’ என்று ஃபினிஷ்டு லெதர் கேட்கிறார். எல்லா வேலையும் அவருடையது என்பதால் எங்களுக்குச் சுலபம்தானே? (டேனரி, வாணியம்பாடி)

பார்க்கத்தான் சுலபம். எக்ஸ்-வொர்க்ஸில் உங்கள் தொழிற்சாலையிலேயே ஒப்படைப்பு முடிந்துவிடும்; ஏற்றுமதி கஸ்டம்ஸையும் வாங்குபவரே முடிக்க வேண்டும். இந்தியாவில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதி கஸ்டம்ஸ் படிவம்) போட ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண்) வேண்டும், அது அந்த இத்தாலியரிடம் இருக்காது. கடைசியில் பில் உங்கள் பெயரில்தான் போடப்படும். டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி), ஜி.எஸ்.டி.யில் ஏற்றுமதி என்பதற்கான ஆதாரம், வங்கியில் அந்நியச் செலாவணிக் கணக்கு எல்லாமே அந்தப் பில்லைப் பிடித்துத்தான் நிற்கின்றன. ஒப்பந்தப்படி உங்களுக்குப் பொறுப்பில்லை, சட்டப்படி எல்லாம் உங்கள் பெயரில் என்ற நிலை யாருக்கும் நல்லதல்ல.

அடுத்தது ஏற்றுவது. எக்ஸ்-வொர்க்ஸில் நீங்கள் ஏற்ற வேண்டியதே இல்லை. ஆனால் எந்த டேனரியிலும் ஏற்றுவது உங்கள் ஆட்கள்தான். பண்டல் கீழே விழுந்து கெட்டால் யார் பொறுப்பு என்று விதியில் தேடினால் உங்களுக்குச் சாதகமாக இருப்பது போலத் தெரியும், நடைமுறையில் பையர் ஒத்துக்கொள்ள மாட்டார். ‘எஃப்.சி.ஏ. வாணியம்பாடி, தொழிற்சாலை முகவரி’ என்று மாற்றி எழுதுங்கள். வேலை அதேதான், கஸ்டம்ஸ் செலவை மட்டும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சி.எஃப்.ஆர். ஹாம்பர்க் விலையில் அனுப்பினோம். வழியில் கன்டெய்னர் நனைந்துவிட்டது. ‘ஹாம்பர்க் வரை உங்கள் பொறுப்பு’ என்று பையர் மீதி 30 சதவீதத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். (பேரணாம்பட்டு)

ஹாம்பர்க் வரை உங்களுடையது கப்பல் கட்டணம் மட்டும். ரிஸ்க் சென்னையில் கப்பலேறியதும் அவருக்குப் போய்விட்டது. ‘சி’ என்று தொடங்கும் நான்கு விதிகளிலும் (சி.எஃப்.ஆர்., அதோடு இன்சூரன்ஸும் சேர்ந்த சி.ஐ.எஃப்., எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும் சி.பி.டி., அதோடு இன்சூரன்ஸும் சேர்ந்த சி.ஐ.பி.) செலவு முடியும் இடம் ஒன்று, ரிஸ்க் மாறும் இடம் வேறொன்று. எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் செலவுக்குத்தான். அதனால்தான் ஏற்றும் துறைமுகத்தையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிடச் சொல்கிறோம்.

சி.எஃப்.ஆரில் இன்சூரன்ஸ் எடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. அவர் எடுக்கவில்லை என்றால் நஷ்டம் அவருடையது. ஆனால் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெளியில் தெரியாத சேதம் என்றால் சரக்கை எடுத்த 3 நாளுக்குள் ஷிப்பிங் லைனுக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லி அவருக்கு மெயில் அனுப்புங்கள். அவர் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை அழைத்து அறிக்கை வாங்கட்டும். லைன் மேல் வழக்கு தொடர ஓராண்டுதான் அவகாசம். தவணை மீதிக்காக நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் அந்த நாட்கள் ஓடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கன்டெய்னர் கூரையில் ஓட்டை இருந்து, அதை ஸ்டஃப்பிங்கின்போது (பெட்டிக்குள் சரக்கை அடுக்கும்போது) நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால், ‘ரிஸ்க் மாறிவிட்டது’ என்ற வாதம் எடுபடாது. சேதத்தின் காரணம் ஏற்றும் முன்பே இருந்தது என்று ஆகிவிடும். காலிப் பெட்டிக்குள் ஆள் நின்று கதவை மூடி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது 2 நிமிட வேலை. போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: சி.ஐ.எஃப்.பில் இன்சூரன்ஸ் நாங்களே எடுத்தோம். ஷூவில் பூசணம் பிடித்ததற்கு கம்பெனி பணம் தர மறுக்கிறது. இன்சூரன்ஸ் எதற்கு? (ஆம்பூர்)

உங்கள் பாலிசியில் எந்த ‘கிளாஸ்’ (எந்தெந்த ரிஸ்க்குக்குப் பணம் வரும் என்று சொல்லும் காப்பீட்டு விதிகள்) என்று பாருங்கள். சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சம் ‘சி’ கிளாஸ் மட்டுமே. தீ, கப்பல் மூழ்குவது, தரைதட்டுவது, மோதல், லாரி கவிழ்வது போன்ற பெரிய விபத்துகளுக்குத்தான் அது. திருட்டு, மழை, பெட்டிக்குள் கடல்நீர் இவற்றுக்கு ஒரு பைசா வராது. சி.ஐ.பி.யில் மட்டும் 2020 முதல் எல்லா ரிஸ்க்கையும் எடுக்கும் ‘ஏ’ கிளாஸ் கட்டாயம். இரண்டிலும் காப்பீட்டுத் தொகை ஒப்பந்த விலையின் 110 சதவீதத்துக்குக் குறையக் கூடாது: 50,000 டாலர் சரக்கென்றால் 55,000 டாலர். போர், வேலைநிறுத்தம் இரண்டுக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது இதன் அருமை பலருக்குப் புரிந்தது. தோலும் ஷூவும் அனுப்புகிறவர் ‘ஏ’ கிளாஸுக்குக் கீழே போகவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆனால் பூசணத்துக்கு ‘ஏ’ கிளாஸும் பல சமயம் கைகொடுக்காது. சரக்கின் இயல்பால் வந்த கேடு, போதாத பேக்கிங், தாமதம் இம்மூன்றும் அதிலும் விலக்கு. தோல் ஈரமாக இருந்தது, அட்டைப்பெட்டி ஈரமாக இருந்தது என்று சர்வேயர் எழுதினால் கதை முடிந்தது. அப்படி எழுதினால் பையரும் ‘ஏற்றும் முன்பே குறையுள்ள சரக்கு’ என்று உங்கள் பக்கம் திரும்புவார்.

எனவே தடுப்பதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் காற்றோடு பெட்டியை மூடுகிறோம். கப்பல் குளிர் கடலுக்குள் போனதும் பெட்டியின் இரும்புச் சுவர் குளிர்ந்து, உள்ளேயிருக்கும் ஈரம் துளித்துளியாகக் கூரையில் படிந்து அட்டைப்பெட்டிகள் மேல் சொட்டுகிறது. கன்டெய்னர் வியர்க்கிறது என்பார்கள். மழை பெய்யும்போது ஸ்டஃப்பிங் வேண்டாம். ஈர மரப் பலகையை உள்ளே வைக்காதீர்கள்; பலகைக்குச் சூடு காட்டிய முத்திரை இருந்தாலும் மழையில் கிடந்தது என்றால் ஈரம் ஈரம்தான். அட்டைப்பெட்டியைத் தரையில் அடுக்கி வைக்காதீர்கள். ஷூ பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுவதோடு நிற்காமல், கன்டெய்னர் சுவரில் தொங்கவிடும் பெரிய ஈரமுறிஞ்சிப் பைகளையும் மாட்டுங்கள். சின்னப் பாக்கெட் பெட்டியின் காற்றுக்கு, பெரிய பை கன்டெய்னரின் காற்றுக்கு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. பூசணத்துக்கு மருந்து என்று யாராவது டை-மெத்தில் ஃபியூமரேட் பாக்கெட் தந்தால் தொடவே வேண்டாம். பலருக்குத் தோலில் கடும் ஒவ்வாமை உண்டாக்கியதால் ஐரோப்பிய ஒன்றியம் 2009-லேயே அதைத் தடை செய்துவிட்டது. மொத்தச் சரக்கும் திரும்பும்.

கேள்வி: அமெரிக்க பையரின் ஆர்டரில் ‘எஃப்.ஓ.பி. லாஸ் ஏஞ்சலிஸ்’ என்று இருக்கிறது. எழுத்துப் பிழையா? (மேல்விஷாரம்)

பிழையில்லை, பொறி. அமெரிக்க உள்நாட்டு வணிகச் சட்டத்தில் எஃப்.ஓ.பி.க்கு வேறு பொருள் உண்டு; அங்கே சேருமிடத்தின் பெயரோடு எழுதினால் அந்த ஊர் வரை செலவும் ரிஸ்க்கும் விற்பவருடையது. இன்கோடெர்ம்ஸில் எஃப்.ஓ.பி.க்குப் பின்னால் ஏற்றும் துறைமுகம்தான் வரும். நீங்கள் சென்னை வரை என்று விலை போட்டு, அவர் லாஸ் ஏஞ்சலிஸ் வரை என்று படிப்பார். ஆர்டரை ஏற்கும் முன் ‘எஃப்.ஓ.பி. சென்னை துறைமுகம், இந்தியா, இன்கோடெர்ம்ஸ் 2020’ என்று திருத்தி அனுப்பி, அவர் ஒத்துக்கொண்ட மெயிலை வையுங்கள். ஆண்டை எழுதுவது அலங்காரத்துக்கு அல்ல, இப்படிப்பட்ட குழப்பத்துக்காகத்தான்.

கேள்வி: லுங்கி, துண்டுகளைச் சிறு கடைகளுக்கு டி.டி.பி.யில் அனுப்பினால் ஆர்டர் கூடும் என்கிறார்கள். உண்மையா? (குடியாத்தம்)

ஆர்டர் கூடலாம், லாபம் எங்கே போகும் என்று பாருங்கள். டி.டி.பி.யில் கடை வாசல் வரை கொண்டுபோவதோடு அந்த நாட்டு இறக்குமதி வரியும் உங்கள் பொறுப்பு. ஜெர்மனி என்றால் அதன்மேல் 19 சதவீத வாட். அங்கே பதிவில்லாத நீங்கள் அதைத் திரும்பப் பெற முடியாது. அதே வாட்டைக் கடைக்காரர் கட்டியிருந்தால் அவர் கணக்கில் கழித்துக்கொள்வார். வரி திடீரென ஏறினாலும் உங்கள் தலையில்தான். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குகளின் மேல் அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமானபோது, டி.டி.பி.யில் விலை உறுதி செய்திருந்தவர் ஒவ்வொருவருக்கும் அந்த வித்தியாசம் கையிலிருந்து போகும் நிலை.

டி.ஏ.பி. போதும். கடை வாசல் வரை நீங்கள் கொண்டுபோவீர்கள். வரி, இறக்குமதி கஸ்டம்ஸ், வண்டியிலிருந்து இறக்குவது எல்லாம் அவருடையது. இறக்கியும் தர வேண்டும் என்றால் அதற்கு டி.பி.யு.

கேள்வி: இத்தாலியிலிருந்து டேனரி மெஷின், எஃப்.ஓ.பி. ஜெனோவா விலை 40,000 யூரோ. கஸ்டம்ஸில் மதிப்பு 48,450 என்று போட்டுவிட்டார்கள். எப்படி? (சிப்காட், ராணிப்பேட்டை)

கணக்கு சரிதான், கொடுக்க வேண்டிய காகிதத்தை நீங்கள் கொடுக்கவில்லை. இந்தியாவில் இறக்குமதி வரி சி.ஐ.எஃப். மதிப்பின் மேல். கப்பல் கட்டணத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் எஃப்.ஓ.பி.யின் 20 சதவீதத்தைச் சேர்ப்பார்கள்: 8,000. இன்சூரன்ஸுக்கு ஆதாரம் இல்லையென்றால் 1.125 சதவீதம்: 450. கூட்டினால் 48,450. உண்மையில் கட்டணம் 2,000 யூரோதான் என்று வைத்துக்கொள்வோம். ஃபார்வர்டரின் இன்வாய்ஸைக் காட்டியிருந்தால் மதிப்பு 42,450-தான். 6,000 யூரோவுக்கு வீணாக வரி, அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி கஸ்டம்ஸ் படிவம்) போடும் முன்பே கட்டண இன்வாய்ஸையும் பாலிசியையும் உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் கொடுங்கள்.

ஏற்றுமதியில் இதன் மறுபக்கம் இருக்கிறது. டிராபேக் எஃப்.ஓ.பி. மதிப்பின் மேல் என்பதால், சி.ஐ.எஃப். இன்வாய்ஸில் கப்பல் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் சரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

கேள்வி: சாம்பிள் ஷூவை விமானத்தில் ‘எஃப்.ஓ.பி. சென்னை ஏர்போர்ட்’ என்று அனுப்புகிறோம். சரியா? உள்நாட்டு ஆர்டர்களில் வரும் ‘எஃப்.ஓ.ஆர். ராணிப்பேட்டை’யும் இதே விதியா? (வாலாஜாபேட்டை)

எஃப்.ஓ.பி. ஏர்போர்ட் என்று ஒரு விதி 1976-ல் சேர்க்கப்பட்டது. 1990 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். இப்போது எஃப்.ஓ.பி., எஃப்.ஏ.எஸ். (கப்பலின் பக்கத்தில் ஒப்படைப்பது), சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப். நான்கும் கடல், உள்நாட்டு நீர்வழிக்கு மட்டும். விமானத்துக்கு எஃப்.சி.ஏ., சி.பி.டி., சி.ஐ.பி.

எஃப்.ஓ.ஆரும் ரயில் காலத்துப் பழைய விதி, அதுவும் 1990-ல் எஃப்.சி.ஏ.வுக்குள் போய்விட்டது. நம் ஊர் பர்ச்சேஸ் ஆர்டர்களில் மட்டும் பழக்கத்தால் வாழ்கிறது. ‘எஃப்.ஓ.ஆர். சேருமிடம்’ என்றால் லாரி வாடகை விற்பவருடையது, ‘எஃப்.ஓ.ஆர். அனுப்புமிடம்’ என்றால் வாங்குபவருடையது என்று புரிந்துகொள்கிறார்கள். வழியில் சேதமானால் யார் என்பது அதில் இல்லை. அதைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சி.ஐ.எஃப். என்றால் பணம் வரும் வரை சரக்கு நம்முடையதுதானே? (ஆற்காடு)

இல்லை. சரக்கின் உரிமை எப்போது கைமாறுகிறது, பணம் எப்போது வர வேண்டும், ஆர்டரை ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் 11 விதிகளில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. முழுப் பணம் வரும் வரை உரிமை விற்பவரிடமே இருக்கும் என்று தனி வாசகமாக ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். பி.எல்.லை ‘டு ஆர்டர்’ (கையெழுத்திட்டு மற்றவருக்கு மாற்றித் தரக்கூடியது) என்று எடுத்து வங்கி வழியாக அனுப்பினால், பணம் கட்டாமல் பையர் அதைக் கையில் வாங்க முடியாது. அவர் பெயரிலேயே நேரடியாக எடுத்த பி.எல்.லில் இந்தப் பிடி தளர்ந்துவிடும்.